ஆறாவது கம்பி

பான்ஜோவின் முறுக்காணியைத் தளர்த்தி, தடித்த ஆறாவது கம்பியை உருவிக் கீழே போட்டாள் டெல்ஃபியா.

"புதுக் கம்பிடி அது," என்றான் ஆர்பின்.

"நான் வாங்கினதுதானே."

முன்னால் கடைக்குள் ஆட வந்தவர்கள் நாற்காலிகளை ஓரமாக இழுத்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. பின்கட்டு மேசையில் இரண்டு பான்ஜோக்கள். ஐந்து கம்பி ஆர்பின் கொண்டுவந்தது. ஆறு கம்பி அவளுடையது. கிட்டார் போலவே சுருதி, கிட்டார் பழகிய கைக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம்.

இருபத்தாறு வருஷம் ஆர்பினின் பிடிலுக்குப் பக்கத்தில் கிட்டார் வாசித்தவள். வாரநாளெல்லாம் காலுறை ஆலை. மூன்று வருஷத்துக்கு முன் ஆலை இயந்திரம் வலது கட்டைவிரலை நசுக்கியது. விரல் மிஞ்சியது, மடங்காது. மீட்டும் வில்லையை மற்ற இரண்டு விரல்களில் இடுக்கிக்கொண்டு அடுத்த மாதமே வந்து உட்கார்ந்தாள். இப்போது குழுவின் பான்ஜோக்காரர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். வர்ஜீனியா மலையில் பான்ஜோ இல்லாமல் யாருக்கும் கால் எழாது. கிட்டார் நாற்காலியை ஆர்பின் தன் மருமகனுக்குக் கொடுத்திருந்தான். அவளுக்கு மிச்சம் பான்ஜோ நாற்காலிதான்.

"கட்டைவிரல் தட்டுற குட்டைக் கம்பி ஒண்ணு கீச்சுன்னு விடாம ஒலிக்கணும். அதான் பான்ஜோ," என்றான் ஆர்பின். "இது தோல் போத்தின கிட்டாரு. அஞ்சு கம்பி பான்ஜோவ எடு, இல்ல பெஞ்சில போய் உக்காரு. அங்கயும் நல்லாத்தான் கேக்கும்."

"என் கட்டைவிரல் தட்டாது. கம்பி ஒலிச்சாப் போதும்தானே?"

காலி இடத்தில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியை மாட்டிச் சுருதி ஏற்றினாள். அது ஊசிபோலக் கத்தியது.

"அறுந்து மூஞ்சில அடிக்கும்."

"என் மூஞ்சிதானே. நீ பிடிலப் பாரு."

முதல் பாட்டுக்கே ஓனி எழுந்தாள். எழுபது வயது, தாளம் பிசகினால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய இரும்பு லாடச் செருப்புக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஆர்பின் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

மூன்றாவது பாட்டில் கம்பி அறுந்தது. டெல்ஃபியாவின் கன்னத்தில் ரத்தக் கோடு. மற்ற ஐந்திலும் அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள்.

ஓனி நின்றாள். "கீச்சுன்னு ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சே, எங்க போச்சு?"

ஆர்பின் கண்ணைத் திறந்தான். வில் நின்றது.

"அறுந்துடுச்சு ஓனி. மாட்டறேன், நில்லு," என்றாள் டெல்ஃபியா. இடுப்புப் பையில் இன்னொன்று இருந்தது. ஆடியவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"சீக்கிரம்," என்றான் ஆர்பின்.

"என்னத்த மாட்டச் சொல்ற? கிட்டார் கம்பியையா?"

அவன் வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்தான்.

"பான்ஜோக் கம்பிய மாட்டு," என்றான் கடைசியில்.

மறுநாள் ஞாயிறு. மழை பெய்தது. சர்ச்சில் ஆர்பின் முன்வரிசையில் இருந்தான், அவள் பின்வரிசையில். மதியம் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டாள். ஐந்து கம்பி பான்ஜோவைப் பெட்டியோடு கொண்டுபோய் ஆர்பின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மெல்லிய கம்பி ஒரு டஜன் கேட்டு, கம்பி விற்கும் கடைக்குக் கடிதம் எழுதினாள். திங்கட்கிழமை ஆலையில் காலை முறை. எட்டு மணிக்குப் படுத்துவிட்டாள்.