இரண்டு புத்தகம், ஒரு ஒஸ்ரின்

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து குளித்து, சாமிப்படத்துக்கு விளக்கு வைத்து, வேலணையில் இருந்த என் கராஜைத் திறந்தேன். முதல்நாள் சிந்திய ஒயிலின் மேல் மணல் தூவிக் கூட்டினேன். ஸ்பனர்களை அளவு வரிசையில் பலகையில் கொழுவினேன். மினிபஸ் ஒன்றின் பிறேக் வேலை பாதியில் கிடந்தது. அதைத் தொடுவதற்கு முன் தேநீர் குடித்தேன். எல்லா வெள்ளிக்கிழமைகளையும் போன்ற ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது மரியதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். அல்லைப்பிட்டிக் கடற்றொழிலாளி. அவருடைய வள்ளத்து மோட்டரை நான்தான் திருத்தி வந்தேன். தோள்மூட்டு விலகியபின் வலை இழுக்க முடியாமல் போய், வள்ளத்தையும் மோட்டரையும் அந்த மாதம்தான் விற்றிருந்தார்.

"அண்ணை, கார் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். பழைய ஒஸ்ரின் ஏ ஃபோட்டி. நாரந்தனையில, தங்கம்மா அக்கா வீட்டில நிக்குது. நீங்கள் வந்து ஒருக்கால் பாக்கவேணும்."

"மீன்காரனுக்கு ஒஸ்ரின் என்னத்துக்கு?"

"குறிகட்டுவான் துறைக்குச் சனம் ஏத்தி ஓடப்போறன். அங்கயிருந்து படகேறி நயினாதீவுக் கோயிலுக்கு எவ்வளவு சனம் போகுது பாத்தனீங்களோ? பழைய காரெண்டால் பக்கத்தில நிண்டு படமெடுத்துப் போட்டெல்லோ ஏறுதுகள்!"

அவர் சொன்னது சரி. சண்டை நின்றிருந்த காலம். பாதை திறந்து தெற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். நயினாதீவுக் கோயில் திருவிழாவுக்கு முன் கார் தெருவில் ஓடவேண்டும் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு இனி வேறு தொழில் இல்லை.

தகடும் பிரேமும்

தங்கம்மா அக்கா கணவனை இழந்தவர். கணவர் காரை வாங்கியபோதே மனைவியின் பெயரில் பதிந்திருந்தார். நாங்கள் போனபோது ஓலைக் கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கார் நின்றது. உப்புக் காற்றில் நின்ற காருக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. மரியதாஸ் போனற்றைத் தடவியபடி நின்றார்.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு என் ஒழுங்கு இதுதான்: முதலில் இலக்கம், பிறகு உடம்பு, கடைசியில் எஞ்சின். முதலில் ஸ்ரார்ட் செய்து சத்தம் கேட்டவன் மயங்கிவிடுவான். அதற்குப் பிறகு எந்தப் பிழையும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அக்கா அலுமாரியைத் திறந்து பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். நம்பர் பிளேற் சரி. எஞ்சின் இலக்கம் சரி. போனற்றுக்குக் கீழே, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் அறைந்திருக்கும் சின்னத் தகட்டில் சேசி இலக்கமும் சரி.

"எல்லாம் ஒத்துவருது அண்ணை," என்றார் மரியதாஸ்.

"பொறும்."

தகட்டைப் பிடித்திருந்த றிவெற் ஆணிகள் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பனியில் அறைந்த றிவெற் உருண்டையாக, காரின் பெயின்ற் படிந்து இருக்கும். இவை வெள்ளையாக மின்னிய அலுமினிய றிவெற். கார் பிறந்த காலத்தில் இல்லாத சாமான். தகட்டை யாரோ கழற்றி மறுபடி அறைந்திருக்கிறார்கள்.

தகட்டை மாற்றலாம், பிரேமை மாற்ற முடியாது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிரேமிலேயே சேசி இலக்கம் அடித்திருக்கும் இடத்தைத் துடைத்தேன். கம்பித் தூரிகையால் கறளை எடுத்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தாளில் எழும்பிய இலக்கம் புத்தகத்தில் இருந்ததல்ல.

அக்காவிடம் தாளைக் காட்டினேன்.

"என்ர மனுசன் களவெடுத்த கார் வைச்சிருந்தவர் எண்டு சொல்லுறீரோ?"

"அப்பிடி நான் சொல்லேல்லை அக்கா. இந்த உடம்புக்கு வேற புத்தகம் இருக்கு எண்டு சொல்லுறன்."

அக்கா தாளைத் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்: "உது தம்பியின்ர கார்."

தம்பி என்றது கணவரின் தம்பி சின்னராசரை. அண்ணனும் தம்பியும் ஒரே மாடல் கார் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில் எங்கள் தீவகத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினோம். அதில் தம்பியின் எஞ்சின் இறுகிப்போனது. அண்ணனின் காருக்குக் கடற்கரையில் நின்று பிரேம் உக்கிப்போனது. ஆனால் அண்ணனின் காருக்குத்தான் வரிப்பத்திரம் உயிரோடு இருந்தது. ஆகவே அண்ணனின் எஞ்சினைத் தூக்கித் தம்பியின் உடம்பில் வைத்தார்கள். காவலரணில் மறித்தால் ஒத்துவரவேண்டும் என்று நம்பர் பிளேற்றையும் தகட்டையும் மாற்றி அறைந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரு கார் ஓடியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இதைக் குற்றமென்று யாரும் நினைக்கவில்லை. சொந்தச் சாமானைச் சொந்தத்துக்குள் மாற்றினால் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் வருவது காரை விற்கிற நாளில்தான்.

பிறகு தம்பி, தன் மனைவியின் ஊரான நெடுந்தீவுக்குப் போய்விட்டார்.

"அவரிட்டையும் கையெழுத்து வேணும் அக்கா. உடம்பு அவற்ர, எஞ்சின் உங்கட. சமாதான நீதவானுக்கு முன்னால ரெண்டு பேரும் இருந்து எழுதவேணும்."

"என்ர மனுசன்ர செத்தவீட்டுக்கு வராத ஆளிட்ட நான் கையெழுத்துக் கேக்கேலாது. கார் உக்கிப் போனாலும் போகட்டும்."

திரும்பி வரும் வழியில் மரியதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஒழுங்கை முடியும் இடத்தில் கேட்டார்.

"அண்ணை, அந்தப் பிரேம் இலக்கத்தை அராவிப்போட்டுப் புத்தகத்து இலக்கத்தை அடிக்க உங்களுக்கு ஏலாதோ?"

"ஏலும். ஆருக்கும் தெரியாமல் அடிக்கவும் ஏலும்."

"அப்ப?"

"அடிக்கமாட்டன். அடிக்கிறது நான், ஓடுறது நீர். மறிச்சுப் பாக்கிறவன் பிடிக்கப்போறது உம்மை."

"இப்ப ஆர் அண்ணை பிரேமைச் சுரண்டிப் பாக்கிறான்?"

"இப்ப பாக்கமாட்டான். எப்பவும் இப்பிடி இருக்குமெண்டு எழுதித் தாரும், அடிச்சுத் தாறன்."

ஞாயிறு நெடுந்தீவுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

நெடுந்தீவில்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் குறிகட்டுவானில் படகேறினோம். மரியதாஸ் விடியற்பூசையை விட்டுவிட்டு வந்திருந்தார்.  வழியில் போன வள்ளங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்னராசர் வளவின் கல்வேலியில் சரிந்த கற்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மனிதர். நான் பென்சில் தேய்த்த தாளை நீட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உது என்னுடையதெல்லோ! எங்க பிடிச்சனீர்?"

விசயத்தைச் சொன்னேன். புத்தகம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"தங்கம்மா மச்சாள் சொல்லி அனுப்பினவவோ?"

ஓம் என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். ஆனால் நீதவானுக்கு முன்னால் அந்தப் பொய் நிற்காது.

"இல்லை. கேக்கமாட்டன் எண்டு சொன்னவ."

"அப்ப கையெழுத்தும் இல்லை."

"செத்தவீட்டுக்கு நீங்கள் வரேல்லையாம்."

கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். "வரேல்லையோ? கடல் கடக்கிற பாஸுக்கு நேவியிட்ட எழுதிக் குடுத்திட்டு நாய் மாதிரித் துறையில நிண்டனான் காணும். அவங்கள் விடேல்லை. பாஸ் கையில வரேக்க அண்ணற்ர முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. பிறகு போய் ஆற்ர முகத்தில முழிக்கிறது?"

"அதை அவவுக்குச் சொன்னனீங்களோ?"

"நீர் போய்ச் சொல்லும்."

"நான் எஞ்சின் கழற்றுறவன் ஐயா. உதைக் கொண்டுபோய்ச் சொன்னால் என்ர கதையாப் போயிடும். நீங்கள் வந்து சொல்லுங்கோ."

அவர் மறுபடி கல் அடுக்கத் தொடங்கினார். எங்களைப் பார்க்கவில்லை. அப்போதுதான் மரியதாஸ் வாய் திறந்தார்.

"ஐயா, உங்கட குடும்பக் கதை எனக்கு வேண்டாம். நான் வள்ளத்தை வித்துப்போட்டன். தோள் போட்டுது, இனிக் கடலுக்கு ஏலாது. இந்தக் கார் இல்லையெண்டால் தெருவிலயும் எனக்கு இடமில்லை. வாறதெண்டால் வாங்கோ, இல்லையெண்டால் இல்லை எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ. மனுசிக்கு நான் பதில் சொல்லவேணும்."

சின்னராசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கடலோடிக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"லைசன் இருக்கு. கடலில ஓடுறதைவிட லேசு. தெரு ஆடாது."

"புங்குடுதீவுக்குக் கடலைக் கடக்கிற தாம்போதித் தெருவால போய்ப் பாரும், ஆடுதோ இல்லையோ எண்டு." அவர் கையைத் தட்டி மண்ணை உதறினார். "வியாழக்கிழமை படகில வாறன்."

கையெழுத்து

வியாழக்கிழமை வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான சமாதான நீதவானை நான் நாரந்தனைக்கே கூட்டி வந்திருந்தேன். தங்கம்மா அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வரட்டும் என்றும் சொல்லவில்லை. சின்னராசர் படலையைத் திறந்ததும் அக்கா உள்ளே போய்விட்டார்.

அவர் நேரே கொட்டிலுக்குப் போனார். சாக்கை விலக்கி, பின்பக்க மட்கார்டில் இருந்த நெளிவைத் தடவினார்.

"இதை இன்னும் எடுக்கேல்லையோ?"

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எடுக்கக் கூடாதெண்டு அவர் சொன்னவர். இடிச்ச ஆளுக்குக் காட்டவேணுமாம்."

"இடிச்சது நானில்லை. அண்ணன்தான் கொண்டுபோய்ப் பனையோட செருகினவர்."

"அவர் உம்மைச் சொன்னவர். நீர் அவரைச் சொல்லும். பனைதான் வந்து இடிச்சதாக்கும்."

நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பேனாவைத் திறந்து மூடினார். சின்னராசர் குசினிப் பக்கம் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாஸ் கிடைக்கேல்லை மச்சாள். துறையிலதான் நிண்டனான்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"பாஸோ?"

"ஓம்."

"அதைச் சொல்ல இவ்வளவு காலமோ?"

 அக்கா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மேசைக்கு முன்னால் வைத்தார்.

"இருந்து கையெழுத்தைப் போடும். நிண்டுகொண்டு போட்டால் கோணிப்போகும்."

அவர் இருந்தார். உடம்புக்குரிய புத்தகத்தோடு காரை மரியதாசுக்கு மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்திட்டார். எஞ்சினை அந்தக் காருக்கு விட்டுக்கொடுக்கும் கடிதத்திலும், தன் பழைய நம்பரை நீக்கிவிடும்படி கேட்கும் கடிதத்திலும் அக்கா கையெழுத்திட்டார். நீதவான் முத்திரை குத்தினார். பிறகுதான் தேநீர் வந்தது. நெளிவை எடுக்கவோ விடவோ என்று நான் கேட்டேன்.

"எடும்," என்றார் சின்னராசர். "புதுச் சொந்தக்காரனுக்கு எங்கட சண்டை என்னத்துக்கு?"

திருவிழாவுக்குக் கார் குறிகட்டுவான் துறையில் நின்றது, தன் சொந்த நம்பரோடு. பின்னர், 2006இல் சண்டை மறுபடி தொடங்கியபோது, அல்லைப்பிட்டிச் சந்தியில் நேவிக்காரர் அந்தக் காரை மறித்துப் போனற்றைத் திறந்து பிரேமைச் சுரண்டிப் பார்த்தார்கள். இலக்கமும் புத்தகமும் ஒத்திருந்தன. மரியதாஸ் வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் பொருந்தாத இலக்கத்தோடு பிடிபட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதைத் தீவகத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்கிறேன்: வாகனத்தின் புத்தகத்தை மட்டும் வாசிக்காதீர்கள். அது எந்த உடம்பின் புத்தகம் என்று தேய்த்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால், இலக்கத்தைத் திருத்தாதீர்கள். ஆட்களைத் தேடிப் போங்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. கையெழுத்து வைத்த அன்று மாலை காரை ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டோம். மரியதாஸ் உடனே வேலையைத் தொடங்கச் சொன்னார். நான் தொடங்கவில்லை. அடுத்த நாள் காலை, தபாற்கந்தோர் திறக்குமுன்பே இருவரும் அதன் வாசலில் நின்றோம். எல்லாக் கடதாசிகளையும் பதிவுத் தபாலில் கொழும்பு வாகனப் பதிவுக் கந்தோருக்கு அனுப்பி, பற்றுச்சீட்டை மரியதாசின் கையில் கொடுத்தேன். அதன் பிறகுதான் கராஜுக்கு வந்து, மட்கார்டின் முதல் ஆணியைக் கழற்றினேன்.