கல்லடியில் கிடந்த நட்சத்திரமீன்

இன்று காலை கல்லடிக் கடற்கரையில், கரைவலைக்காரர் உதறிப்போட்ட குப்பைக்குள் ஒரு நட்சத்திரமீன் கிடந்தது. அடியில் குட்டிக்குட்டிக் கால்கள் அசைந்தன.

பெயர் அறியும் ஆசையில், கடலுயிர்களைப் பற்றிய முகநூல் குழுவில் படம் போட்டேன்.

உடனே ஒருவர் எழுதினார்: "தங்கச்சி, திருப்பி வெச்சு ஒண்டு எடுங்க."

எடுத்தேன்.

"பக்கத்தில அடிமட்டம் வெச்சு எடுங்க, எத்தின அங்குலம் எண்டு பாக்கணும்."

என் அடிமட்டம் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. செருப்பை வைத்தேன்.

"முதலில் கடலில் விடட்டுமா?" என்று எழுதி எழுதி அழித்தேன். படித்தவர்கள் இருக்கும் குழு, கேட்க வெட்கம்.

அதற்குள் கால்களின் அசைவு நின்றுவிட்டது.

பக்கத்தில் வலை மடித்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் பார்த்தார். "என்ன புள்ள, படம் புடிச்ச நேரத்துக்குத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டிருக்கலாமே?"

மத்தியானம் பெயர் வந்தது. கூடவே, "உயிரோட எடுத்த அருமையான படம்" என்று பாராட்டும்.

இதற்கு என்ன பதில் எழுதுவது? யாராவது சொல்லுங்கள்.