நோர்வே அண்ணையின் அடுப்பு

ஞானேஸ்வரன் அண்ணையின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரேயொரு சுவர்தான். லண்டன் மனோர் பார்க்கில் வரிசை வீடுகள் எல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அவர் இருமினால் எனக்குத் தொண்டை கரகரக்கும். அந்தச் சுவரோடு சேர்ந்து ஏறிப்போகிற புகைக்கூடும் இரண்டு வீட்டுக்கும் பொது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடைசியில் அந்த வீட்டு நெருப்பை அணைக்கச் சொன்னவள் நான்தான்.

எங்கள் தெருவில் அவருக்கு நோர்வே அண்ணை என்றுதான் பெயர். எண்பத்தேழில் யாழ்ப்பாணத்திலிருந்து போய், நோர்வேயின் வடக்கே, இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊரில், மீன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். மகன் லக்‌ஷன் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தார். மகன் படித்து முடித்து மெல்பேர்னுக்குப் போய்விட்டான். தகப்பனிடம் மிஞ்சியது "நோர்வேயிலை எண்டால்" என்ற இரண்டு சொல். பஸ் பிந்தினாலும் நோர்வே, பாண் காய்ந்தாலும் நோர்வே. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

ஆனால் நெருப்பு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்றுதான் நானும் நம்பினேன். ஆறு வருடத்துக்கு முன்பு, முன்னறையில் மூடிக்கிடந்த பழைய கணப்பை உடைத்து, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றைத் தன் கையாலேயே பொருத்தினார். அப்போது அது ஒரு ஆசைக்கு. நகுலாக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அது ஆசை இல்லை, அவசியம்.

நகுலேஸ்வரி அவருடைய மனைவி. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாலு மணித்தியாலம் உடம்பிலுள்ள இரத்தம் எல்லாம் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி வான் அவரைக் கொண்டுவந்து இறக்கும்போது பல் கிட்டிப்போயிருக்கும். கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. ரேடியேற்றர் பக்கத்தில் இருத்தினாலும் நிற்காது. அந்த அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தால்தான் முகத்தில் இரத்தம் தெரியும்.

"ரேடியேற்றர் சூடு தோலோடை நிண்டிடுது, சந்திரா. இது எலும்புக்குள்ளை போகுது" என்பார் அக்கா.

அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் அண்ணை மற்ற நேரம் எல்லாம் உயிரோடிருந்தார். வேறு எதுவும் அவரால் செய்ய முடியாது. ஊசி, மருந்து, இயந்திரம் எல்லாம் வேறு ஆட்களின் கையில். நெருப்பு மட்டும்தான் அவர் கையில்.

போன கார்த்திகையில்தான் அது ஒழுகத் தொடங்கியது. அடுப்பிலிருந்து மேலே போகிற குழாயின் மூட்டிலிருந்து கபில நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, இரும்பில் விழுந்து சீறியது. பழுதான கருவாட்டைச் சுட்டதுபோல ஒரு மணம். கண்ணாடிக் கதவு கறுத்துப்போய் உள்ளே நெருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

காரணம் விளங்க மேதாவியாக இருக்கத் தேவையில்லை. தோட்ட வேலை செய்கிற பாஸ்கரன் அன்றன்று வெட்டிய மரத்தைக் கொண்டுவந்து போடுவான், பச்சை ஈரம். போதாததற்குக் கோயில் மடைப்பள்ளியிலிருந்து தேங்காய்ச் சிரட்டை மூட்டை மூட்டையாக வரும். எங்கள் சனத்துக்குச் சிரட்டைத் தணலுக்கு மேலே ஒரு நெருப்பு உலகத்தில் இல்லை. வெட்டவெளி அடுப்பில் அது சரி. இவரோ, அக்கா வரும்வரை தணல் கிடக்கவேண்டும் என்று, காலையிலேயே ஈர விறகையும் எண்ணெய்ச் சிரட்டையையும் அடைத்து, காற்று வருகிற துவாரத்தைப் பொத்திவிடுவார். மூச்சு முட்டின நெருப்பு எரியாது, புகையும். அந்தப் புகை குளிர்ந்த செங்கலில் பட்டுத் தாராகப் படிந்து, திரும்பிக் கீழே வடிந்தது. கிரியோசோட் என்று அதற்குப் பெயர். தலைமயிர் கொட்டுமளவுக்கு இன்ரநெற்றில் தேடித்தான் அறிந்தேன்.

"அண்ணை, கடைசியா எப்ப புகைக்கூடு துப்புரவாக்கினது?" என்று கேட்டேன்.

"இன்னும் கடிதம் வரேல்லையே பிள்ளை."

"என்ன கடிதம்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நோர்வேயில் ஊராட்சியே கடிதம் போடுமாம், இன்ன திகதி ஆள் வரும் என்று. கறுப்பு உடுப்போடு ஒருவர் வந்து, கூரையில் ஏறித் துடைத்து, ஒரு தாளையும் எழுதித் தந்துவிட்டுப் போவாராம். பத்தொன்பது வருடம் அப்படித்தான். மனிசன் இங்கேயும் அதே கடிதத்தைத்தான் ஆறு வருடமாகக் கதவடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்!

"கவுன்சில் ராக்ஸ் கட்டிறம்தானே, வராமல் விடுவாங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு முன்னாலேயே கவுன்சிலுக்குப் போன் அடித்துக் கேட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: அப்படி ஒரு சேவை இல்லை, வீட்டுக்காரர்தான் ஆள் பிடிக்கவேண்டும். நான் போனை வைத்ததும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆறு வருசம்" என்றார். அவ்வளவுதான்.

புகைக்கூடு துடைக்கிற, பீற்றர் என்ற வெள்ளைக்காரத் தொழிலாளி ஒருவரைப் பிடித்தேன். குளிர்காலம், எல்லாரும் கூப்பிடுகிற நேரம். தை முடியத்தான் வர ஏலும், அதுவரை மூட்டவேண்டாம் என்றார். மூட்டாமல் இருக்க அண்ணைக்கு மனம் வருமா? தானே திருத்த வெளிக்கிட்டார். புகை கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த கயிற்றை மாற்றினார். மூட்டுகளுக்கு நெருப்புச் சீமெந்து பூசினார். சிரட்டையை நிறுத்திக் காய்ந்த விறகு வாங்கி, காற்றைத் திறந்துவிட்டுக் கொழுந்துவிட எரித்தார். இரண்டு நாள் ஒழுகவில்லை. குழந்தைப்பிள்ளைபோலச் சந்தோசப்பட்டார். மூன்றாம் நாள் வேறு மூட்டால் ஒழுகியது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆறு வருடத் தார் மேலே ஒட்டியிருக்க, கீழே சீமெந்து பூசி என்ன பயன்?

என் படுக்கையறைச் சுவரிலும் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை இறங்கியது. நான் அதைச் சொல்லவில்லை. அலுமாரியை நகர்த்தி மறைத்து வைத்தேன். சொன்னால் அக்காவின் சூட்டில் கைவைத்த பாவம் எனக்குத்தானே என்ற பயம். நல்ல மனம் என்று நினைக்காதீர்கள், மடைமை.

தை மாதம் ஒரு புதன்கிழமை மதியம், என் வீட்டு நச்சுவாயு அலாரம் அலறியது. தலை இடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடிப்போய் அவருடைய கதவைத் தட்டினேன்.

"அண்ணை, நெருப்பை அணையுங்கோ! உடனை வெளியிலை வாங்கோ!"

"நகுலா வாற நேரம் பிள்ளை. ஒரு மணித்தியாலம் பொறன்."

"ரெண்டு வீட்டிலையும் சவம் விழோணுமோ உங்களுக்கு?"

அப்படிக் கத்தினேன். வயதுக்கு மூத்த மனிசனை, தெருவே கேட்க. அவர் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து, தணலைச் சவளால் அள்ளி இரும்பு வாளியில் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. தணல் சீறி அடங்கும்வரை நனைந்தபடியே நின்றார். என்னை நானே வெறுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பீற்றர் வந்தார். புகைக்கூட்டுக்குள் விட்ட தூரிகை பாதியில் நின்றுவிட்டது. கமராவை விட்டுக் காட்டினார். உள்ளே கறுப்புக் கண்ணாடிபோலத் தார் இறுகிப் பளபளத்தது. அதற்கும் மேலே, இரண்டு வீட்டுப் புகைவழிக்கும் நடுவிலுள்ள செங்கல் வெடித்திருந்தது. தாரைக் கொத்தி எடுத்து, கூரைப் பக்கம் உடைத்துக் கட்டி, உள்ளே இரும்புக் குழாய் இறக்கவேண்டும். ஈஸ்டருக்குப் பிறகுதான் முடியும் என்றார்.

அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உடைந்த ஆங்கிலத்தில். சின்ன நெருப்பு, அரை மணித்தியாலம், வாரத்தில் மூன்று நாள் மட்டும். பீற்றர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பீற்றர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, மூட்டக்கூடாது என்ற சிவப்பு அட்டையை அடுப்பின் கைபிடியில் கட்டினார். பிறகு ஒரு தாளை எழுதி நீட்டினார். அண்ணை அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நோர்வேயிலையும் இப்பிடித்தான் ஒரு தாள் தருவினம்" என்று மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார்.

மறுநாள் வெள்ளி. என்னிடமிருந்த மின்சார ஹீற்றரைக் கொண்டுபோய் அவர்களுடைய முன்னறையில் போட்டுவிட்டு நின்றபோது வான் வந்தது. அண்ணை அக்காவைத் தாங்கிக் கூட்டிவந்தார். அக்கா ஹீற்றரைத் தாண்டிப்போய், பழக்கப்படி அடுப்புக்கு முன்னாலிருந்த கதிரையில் இருந்தார். சிவப்பு அட்டையை வாசித்தார். அண்ணை பக்கத்தில் நின்றார். கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னாலை ஒண்டும் செய்யேலாமக் கிடக்கு, நகுலா" என்றார்.

அக்கா இரண்டு கையையும் அந்தக் கறுத்த கண்ணாடிக்கு நேரே நீட்டினார்.

"ஏனப்பா, இன்னும் சூடு இருக்குத்தானே. இரும்பெல்லோ, லேசிலை ஆறாது."

அடுப்பு அணைந்து ஒன்பது நாள். அக்காவின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணை, "ஓம், ஓம்" என்றார்.