டெனிஸின் நாற்காலியில் நோரா

1986ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் புஷ்பவதிக்குக் கனடாவில், அஹுன்ட்சிக் என்ற இடத்தில் வேலை கிடைத்தது. நோரா கியர்னி என்ற எண்பத்தாறு வயது ஐரிஷ் பெண்மணியை, மகள் வேலைக்குப் போன நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு மிஷன் பள்ளியில் படித்த புஷ்பவதிக்கு இங்கிலிஷ் வரும். அவளுடைய கணவன் சிவானந்தத்தை முந்தின ஆண்டு வீட்டுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு தகவலே இல்லை.

நோரா தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். அயர்லாந்தில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது, நகரசபை உறுப்பினராக இருந்த அவளுடைய கணவன் டெனிஸைச் சுட்டுக் கொன்றார்கள். அவனுடைய கட்சிக்காரர்கள் வந்து, காலியான இடத்துக்கு அவளை நிற்கச் சொன்னார்கள். விதவைக்கு அனுதாப வாக்கு விழும், நாங்கள் கை தூக்கும்போது நீயும் தூக்கினால் போதும் என்றார்கள். வென்றாள். அந்தச் சபையில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

முதல் கூட்டத்தில் டெனிஸின் நாற்காலியில் உட்கார்ந்தவள் திடுக்கிட்டாள். யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல அது சூடாக இருந்தது. கணப்பு நெருப்போ அறையின் மறுகோடியில் எரிந்தது. அடுத்த கூட்டத்திலும் அதே சூடு. ஒருநாள் மண்டபத்தைக் கூட்டுகிறவரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அந்த வரிசைப் பக்கமே அவர் துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை.

சில ஆண்டுகள் கட்சி சொன்னபடி கை தூக்கினாள். பிறகு ஆற்றோரக் குடிசைகளை இடிக்கும் தீர்மானம் வந்தது. அங்கே இருந்தவர்கள் போக்கிடமில்லாதவர்கள். தீர்மானத்தை முதலில் எழுதியவனே டெனிஸ்தான். நோரா கை தூக்கவில்லை. ஒரேயொரு வாக்கில் தீர்மானம் தோற்றது. எழுந்து காரணத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நாற்காலி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. கட்சி அவளை விலக்கியது. அடுத்த தேர்தலில் தனியாக நின்று வென்றாள். முதுமையில் மகளோடு இருக்க இங்கே வரும்வரை அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. நாற்காலி மட்டும் பிறகு ஒருநாளும் சூடாகவில்லை.

"அவருக்கு உங்களோட கோவமா?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"தெரியாது. போய்விட்டார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நான் அவருக்காக அழுதேன்."

பெப்ரவரியில் ஒரு மத்தியானம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, நோரா புஷ்பவதியின் தோளுக்கு மேலாக வாசல் கதவைப் பார்த்தாள்.

"உன்னோடு வந்தவர் ஏன் வெளியிலேயே நிற்கிறார்? காலில் செருப்புக்கூட இல்லையே."

சிவானந்தத்தைப் பற்றி அந்த வீட்டில் புஷ்பவதி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவனை வெறுங்காலோடுதான் இழுத்துப் போனார்கள்.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். படிகளில் விழுந்த பனி கலையாமல் கிடந்தது. குளிர் உள்ளே வர வர, அவள் நின்றுகொண்டேயிருந்தாள். கடைசியில், "போயிட்டு வாங்க," என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கிழமையே ஊருக்கு டெலிபோன் எடுத்து, சிவானந்தத்துக்கு இறுதிக் கிரியைகளைச் செய்துவிடும்படி அவனுடைய தம்பியிடம் சொன்னாள். அவன் ஏனென்று கேட்கவில்லை.

பனி கரைந்தபோது நோரா இறந்துபோனாள். அடக்கத்துக்கு வந்த அயலவர்கள் அவளை யாரோ ஒருத்தியின் தாய் என்றுதான் அறிந்திருந்தார்கள். அவள் யார் என்பதைப் புஷ்பவதி அவர்களுக்குச் சொன்னாள்.