வந்தவர்கள் ஏழு பேர்

வரதராஜன்பேட்டைக்கு டூரிங் கொட்டகை வந்த வருடம் எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. உலகச் சண்டை முடிந்திருந்தது; மண்ணெண்ணெய்க்கு மட்டும் இன்னும் ரேஷன். நாங்கள் மண் தரையில் பதினொன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்புப் படம் ஓட்டினார்கள். பெரியவர்கள் கல்யாணத்துக்குப் போன வீட்டில் நான்கு பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். தவலையைக் கவிழ்த்ததுபோல் தலையுள்ள வேற்று உலகத்து ஆட்கள் வானத்திலிருந்து முற்றத்தில் இறங்குகிறார்கள். பிள்ளைகள் மிளகாய்ப் பொடி தூவி, தரையில் எண்ணெய் ஊற்றி வழுக்கவைத்து, உலக்கையால் மொத்தி விரட்டுகிறார்கள். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கியவர்கள் ஏழு பேர். திரும்ப ஏறிப் போனவர்கள் ஆறு.

வீடு திரும்பும் வழியில் அதைத் தங்கையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப ஏழாவது ஆளு எங்கண்ணே?"

"தெரியல. வூட்டுக்குள்ளதான் எங்கயாவது இருக்கணும்."

படத்து வீட்டைத்தான் சொன்னேன். அவள் எங்கள் வீடு என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் சோற்றைத் தொடவில்லை. நெல் மூட்டை அடுக்கிய உள் அறையைக் காட்டி, "நான் தின்னா அவன் என்னையத் தின்னுடுவான்" என்றாள்.

பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா விளக்கோடு உள்ளே போனார். "பாரு பாப்பா, ஒம்பது மூட்டை, ரெண்டு எலி. வேற எவனும் இல்ல."

"நீங்க வந்தா அவன் நவுந்துக்குவாம்ப்பா."

அம்மா ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லித் தீர்த்தம் தெளித்தாள். தங்கை தன் பங்குக்கு அந்த அறை வாசலில் மிளகாய்ப் பொடியால் கோடு போட்டாள். அது காற்றில் பறந்து எல்லோரும் தும்மினோம். நான் மட்டும் பதினேழு முறை. அடங்கிய பிறகு உள்ளேயிருந்து இன்னொரு தும்மல் கேட்டது.

"எலி தும்முங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பா மறுபடி விளக்கை எடுத்தார்.

மூன்றாம் நாள் தங்கையால் எழுந்து நிற்க முடியவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். மறுநாள் கொட்டகை பெரம்பலூருக்குக் கிளம்புவதாக இருந்தது. அன்று காலையிலேயே கொட்டகைக்கு ஓடினேன். உள்ளே யாரும் இல்லை. கூடாரத் துணியின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக மணலில் கிடந்தது. நாற்பது வரை எண்ணியபோது ஒரு புள்ளி மறைந்து, பிறகு வந்தது. யாரோ வெளியே நடந்திருக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்கவில்லை.

படம் ஓட்டும் ஆபரேட்டர் மெஷின் அறையில் பீடி இல்லாமல் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வருசமா ஓட்டறேன், ஒருத்தனும் எண்ணல. நீ எந்த ஊரு கணக்குப்பிள்ளைடா?" என்று சிரித்தார். தங்கை சாப்பிடவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. "பாடாலூர்ல ரீலு அறுந்து போச்சு. வெட்டி ஒட்டுனேன். உன் ஆளு அந்தத் துண்டுலதான் போயிருப்பான்." தகர டப்பாவைக் கிளறி ஒரு துண்டுப் பிலிமைக் கொடுத்தார். "அடுப்பாண்ட கொண்டு போயிடாத. குப்புனு புடிச்சுக்கும்."

வழியில் வெயிலுக்கு நேராகப் பிடித்து எண்ணினேன். இருபத்து மூன்று படங்கள். எல்லாவற்றிலும் அதே முற்றம், சிந்திய எண்ணெய், கீழே கிடக்கும் உலக்கை. ஆள் ஒருவரும் இல்லை.

வேறு வழி தெரியாமல் தங்கையிடம் பொய் சொன்னேன். "இந்தா, இதுக்குள்ள மாட்டிக்கிட்டான். இனிமே வர முடியாது."

அவள் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"ஆமாண்ணே. இருக்கான். உன்னப் பாத்துச் சிரிக்கிறான்."

பிடுங்கி மறுபடி பார்த்தேன். இருபத்து மூன்றிலும் முற்றம்தான்.

அன்று மதியம் அவள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் உள் அறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்; என் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.