மும்மொழிப் பூங்கோதையின் மூன்று நிமிடம்

பூங்கோதை எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு அவள் வேலை. கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்ட பிறகும், வண்டி தாமதம், வண்டி ரத்து மாதிரி கெட்ட செய்திகளைச் சொல்ல மனுஷக் குரல்தான் வேண்டியிருக்கிறது. முதலில் வங்காளம், பிறகு இந்தி, அப்புறம் இங்கிலீஷ். வருஷக்கணக்காக இப்படியே ஓட்டியதில் நாக்கு அதற்கே பழகிவிட்டது. வீட்டிலும் "சாப்பாடு ரெடி" என்று கூப்பிட்டுவிட்டு, "பாத் ரெடி, கானா தயார்" என்று தன்னையறியாமல் முடித்துவைப்பாள்.

"இருக்கறது ஒரே ஒரு புருஷன். அவனுக்கு எதுக்கு மூணு பாஷையில சோறு?" என்பார் சிவராஜ்.

சிவராஜ் சரக்கு ரயில் டிரைவர். சரக்கு வண்டிக்குப் பெயரும் கிடையாது, சொன்ன நேரமும் கிடையாது. பிளாட்பாரத்தை ஒட்டிக் கடந்து போகும்போது மட்டும், "நிற்காத வண்டி வருகிறது, பயணிகள் தள்ளி நிற்கவும்" என்று அறிவிக்க வேண்டும். அதைச் சொல்கிறவளும் பூங்கோதைதான்.

"ஊர்ல இருக்கற வண்டியையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடற. புருஷன் வந்தா மட்டும் எல்லாரும் தள்ளி நில்லுங்கங்கற. இந்தியாவுலயே இப்படி ஒரு பொண்டாட்டி நீதான் கோதை."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் சுருக்கென்று தைக்கும். ஆயிரம் பேருக்கு வாய் வலிக்கப் பேசுகிறவள், இந்த மனுஷனுக்கு என்று ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா? அவர் மட்டும் என்ன வாழ்ந்தது! எஞ்சினில் சிக்னலைக் கண்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்லவேண்டும், பக்கத்திலிருக்கும் உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது ரயில்வே வழக்கம். ரசத்தில் உப்பு சரியாக இருந்தால் சிவராஜ் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "க்ரீன்!" என்பார். கரண்டியும் கையுமாக நிற்கும் பூங்கோதை, "க்ரீன்!" என்பாள். அந்தக் குவார்ட்டர்ஸில் புழங்கிய கொஞ்சல் மொத்தமும் அவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் ரஞ்சன்தான் போட்டி விஷயத்தைக் கொண்டுவந்தான். பவானிபூரில் ஒரு பொது நூலகத்தில், மேடையேறிக் கவிதை சொல்லும் போட்டி. எந்த மொழியானாலும் சரி. சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். கையில் காகிதம் கூடாது. மூன்று நிமிடம் முடிந்தால் மணி அடிக்கும், மைக் அணைந்துவிடும். "பௌதி, உங்களுக்கு இல்லாத மைக்கா?" என்று அண்ணியை ஏற்றிவிடுகிற கொழுந்தனாட்டம் ஏற்றிவிட்டான். அவளும் ஏறிவிட்டாள்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் வரிவரியாகக் கட்டினாள். தமிழில்தான். வங்காளத்தில் சொன்னால் சிவராஜ் சிரித்துவிடுவார். இங்கிலீஷில் சொன்னால் டிபார்ட்மெண்ட் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். பரிசெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசி நாலு வரி அவர் காதில் விழவேண்டும், அதுவும் மைக்கில், நாலு பேர் முன்னால். வீட்டில் சொல்லலாமே என்றால், கூடத்தில் நின்று அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம்.

"டூட்டி முடிஞ்சதும் நேரா வந்துடறேன்" என்றார் சிவராஜ்.

"சரக்கு வண்டிக்காரர் பேச்சு" என்றாள் பூங்கோதை.

ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். வாசலிலேயே சிங்காரா என்கிற வங்காளச் சமோசா வாசனை. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். மழை, புரட்சி, பிரிந்துபோன காதலி என்று ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கைப்பை அசையாமல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினில் இருக்கும்போது அவர் போனை அணைத்துவிடுவார், அதனால் கேட்கவும் வழியில்லை. எந்த அவுட்டர் சிக்னலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களோ!

போட்டியை நடத்திய நூலகர் மீரா அவள் பெயரை அழைத்தார். பூங்கோதை வாசலைப் பார்த்தபடியே மேடையேறினாள்.

"வரும் என்கிறேன், வருகிறது.
போகும் என்கிறேன், போகிறது.
எனக்கென்று சொன்னது ஒன்றுமில்லை."

தமிழில் நன்றாகத்தான் தொடங்கினாள். ஆனால் எதிரில் இருந்தது மைக். நாக்கு சும்மா இருக்குமா? மூச்சு விடுவதற்குள் அதே வரிகளை வங்காளத்தில் சொன்னது, அடுத்து இந்தியில், போதாக்குறைக்கு இங்கிலீஷில். சபைக்கு ஒரே குஷி. இது ஏதோ புது பாணி என்று நினைத்துக் கை தட்டினார்கள். பூங்கோதைக்கு வியர்த்தது. நிறுத்து, நிறுத்து என்று மனசு அடித்துக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஸ்டேஷன் பழக்கம் மட்டும் விட்டுவிடுமா? அடுத்த பத்தியும் நாலு மொழியில் ஓடியது. அதற்கடுத்ததும் ஓடியது.

டிங் என்று மணி அடித்தது. மைக் செத்துப்போயிற்று.

கடைசி நாலு வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. கண் கரித்துக்கொண்டு வந்தது. ஊராருக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாமல் சேதி சொன்னவள், தன் சேதியைக் கோட்டைவிட்டாள். படியில் கால் வைத்தபோது கதவு திறந்தது. முதுகில் பை, சட்டையெல்லாம் நிலக்கரித் தூசு. சிவராஜ் உள்ளே வந்து, எல்லாம் முடிந்துவிட்டதோ என்று திருதிருவென விழித்தார்.

"ஷேஷ்டா போலுன், தீதி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். முடிவைச் சொல்லாமல் போகாதீர்கள் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மீரா மணியைக் கவிழ்த்து வைத்தார். "பரிசுக்குக் கணக்கில் வராது. சொல்லுங்கள்" என்றார் வங்காளத்தில்.

பரிசு யாருக்கு வேண்டும்? பூங்கோதை மறுபடி ஏறினாள். செத்த மைக்கை ஒதுக்கிவிட்டு, கதவுப்பக்கம் பார்த்து, பிளாட்பாரக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பெயரில்லாத வண்டி, நேரமில்லாத வண்டி.
பயணிகளே, இந்த ஒன்றுக்கு மட்டும்
யாரும் தள்ளி நிற்க வேண்டாம்.
வருவது என் ஆள்."

அவ்வளவுதான். சபை காத்திருந்தது. "மானே கீ?" என்று அர்த்தம் கேட்டது ஒரு குரல். பூங்கோதை வாயைத் திறக்கவில்லை. இதை மொழிபெயர்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

கதவோரம் நின்ற சிவராஜ் புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி. பிறகு அத்தனை வங்காளிகள் நடுவிலும், கையை நேராக அவளை நோக்கி நீட்டினார்.

"க்ரீன்!"

"க்ரீன்!" என்றாள் பூங்கோதை. ஒரே ஒரு தடவை.