மூன்றாவது கவசம்

பல் கட்டும் அக்காவுக்கு இருபது வருஷமாக வாய்தான் தெரியும், முகம் தெரியாது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. மாடியிலிருந்து வெள்ளை மாவில் எடுத்த தாடை அச்சு வரும். அதைப் பார்த்துப் பல் செட் செய்து அனுப்புவாள். உறுத்துகிறது என்று ஒரு கிழவரும் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் கனத்தை ஆறு வயதுப் பையன் இரண்டே வாரத்தில் இறக்கிவிட்டான். பிறவியிலேயே வந்த அபூர்வ நோய் அவனுக்கு. தன் உதட்டைத் தானே கடித்துக்கொள்வான். வலிக்கும், அழுவான், ஆனாலும் நிறுத்த முடியாது. உதட்டைக் காக்க அவள் செய்த பல் கவசம் இரண்டையும் துப்பிவிட்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் முன்பல்லையெல்லாம் எடுத்துட வேண்டியதுதான்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாவது கவசத்தோடு தானே மாடியேறினாள். பையனின் கைகளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கீழுதட்டில் ஒரு ஓரமே இல்லை. மாவு அச்சில் உதடு வராது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கையையாவது அவுத்து விடக்கூடாதாம்மா?"

"அவுத்தா விரல் வாய்க்குப் போயிடும்னு பயந்து கத்துவான்க்கா. அவனேதான் கட்டச் சொல்றான்," என்றாள் அவன் அம்மா.

கவசத்தை மாட்டினார்கள். நாக்கு விளிம்பைத் தேடியது, நுழைந்தது, நெம்பியது. கவசம் மடியில் விழுந்தது. அக்கா பார்த்துவிட்டாள். கிழவர்களுக்கு உறுத்தக்கூடாதென்று விளிம்பைக் குட்டையாக, மெல்லிசாக ராவிவிடுவது அவள் கைப்பழக்கம். அந்த இடுக்குதான் இவனுக்கு வழி. இவ்வளவு நாள் பீற்றிக்கொண்ட கைவேலையா இந்தப் பிள்ளையைக் குதறியது!

கீழே ஓடினாள். விளிம்பைத் தடிமனாக்கி, ஈறு மடிப்புவரை இறக்கி, உதட்டை முன்னால் தள்ளும்படி வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நாலு மணிக்கு மாட்டினார்கள். நாக்கு தேடியது. மறுபடியும் தேடியது. அம்மா மூச்சு விடவில்லை. பையன் கடித்தான். 'டக்' என்று சத்தம்; ரத்தம் வரவில்லை. ஆறு மணிவரை வரவில்லை.

"சரி, பல்லை எடுக்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்," என்றார் டாக்டர்.

எங்காவது உறுத்துகிறதா என்று பார்க்க அக்கா அவன் வாயருகே கையைக் கொண்டுபோனாள். பையனின் முகம் வெளுத்தது.

"எடுக்காதீங்க அத்தை," என்று குழறினான். "எடுத்தா பல்லு என்னைக் கடிச்சிடும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.